எல்லாவற்றையும் வாக்கெடுப்புக்கு விடலாமா?

வேத வாசிப்பு: மத்தேயு 27:15-26; அப்போஸ்தலர் 6:1-7





கிறிஸ்துவின் பிறப்பைக் கொண்டாட நாம் ஆயத்தமாகும் இந்த டிசம்பர் மாதத்தின் நடுவே, 10ஆம் நாளை உலகம் மனித உரிமை நாளாக நினைவுகூருகிறது. சென்ற வாரம் வாலிபர் கூட்டத்தில் இதைப்பற்றிப் பேச்சு எழுந்தபோது, ஒரு தம்பி எழுந்து நின்று என்னிடம் கேட்டான்: "ஐயா, ஜனநாயகம் என்றால் பெரும்பான்மை மக்கள் சொல்வதுதானே? அப்படியிருக்க, மனித உரிமை என்று தனியாக ஒன்று எதற்கு? பெரும்பான்மை சொல்வதையும் தாண்டி நிற்க அதற்கு அதிகாரம் கொடுத்தது யார்?" நல்ல கேள்வி. அன்றைக்கு நேரமாகிவிட்டபடியால் இரண்டு வாக்கியங்களில் பதில் சொல்லி, ஜெபித்துக் கூட்டத்தை முடித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதே கேள்வியை, பல ஆண்டுகளுக்கு முன்பு, வேறு சொற்களில் வேறொருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அன்று நான் சொன்ன பதில் தவறானது. அதை உங்களிடம் அறிக்கையிட்டுவிட்டே மேலே செல்ல விரும்புகிறேன்.

பதினொன்றும் மூன்றும்

நான் குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில், ஒரு கிராமச் சேகரத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். ஊரின் பெயர் இங்கே தேவையில்லை. நம் நாட்டில் அப்படிப்பட்ட ஊர்கள் அநேகம். அங்கே கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு மேற்கே மேட்டுநிலம்; கிழக்கே பள்ளம். ஊருக்குப் பின்புறத் தெருவில் குடியிருந்த குடும்பங்களின் மரித்தோர் அந்தப் பள்ளத்தில் அடக்கம்பண்ணப்பட்டார்கள். ஒரே ஆலயம், ஒரே ஆராதனை, ஒரே பாத்திரத்திலிருந்து திருவிருந்து. அடக்கத்துக்கு மட்டும் இரண்டு நிலம். "வழக்கம் அப்படி, ஐயா" என்றார்கள். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

ஓர் ஐப்பசி மாதம், பின்புறத் தெருவில் ஒரு பெரியவர் நோய்வாய்ப்பட்டுப் படுக்கையில் இருந்தார். ஆலயம் கட்டுகையில் சுமை சுமந்தவர். அவருடைய மகன் என்னிடம் வந்து, "அப்பாவை மேட்டுல வைக்க இடம் கொடுங்க ஐயா. பள்ளத்துல இப்பவே தண்ணி நிக்குது" என்று கேட்டார். "இடம் உண்டு" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "கமிட்டியில் வைத்துத் தீர்மானிப்போம்" என்றேன். அதைச் சொன்னபோது எனக்குள் ஒரு நிம்மதி உண்டானது என்பதையும் மறைக்க மாட்டேன். பொறுப்பு என் தோளிலிருந்து இறங்கிவிட்டது.

கமிட்டி கூடியது. ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். எவரும் கடுஞ்சொல் பேசவில்லை. எல்லாம் மரியாதையாகவே நடந்தது. கைகளை உயர்த்தச் சொன்னேன். ஆதரவாக மூவர், எதிராகப் பதினொருவர். "கோரிக்கை பெரும்பான்மையால் நிராகரிக்கப்பட்டது" என்று நடவடிக்கைப் புத்தகத்தில் என் கையால் எழுதினேன். ஜெபத்தோடு கூட்டத்தை முடித்தேன்.

நான்கு நாட்களில் பெரியவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மழை விடவில்லை. பள்ளத்தில் குழி வெட்ட வெட்ட நீர் ஊறியது; இரண்டு பேர் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். அடக்க ஆராதனையை நான் நடத்தினேன். எல்லோரும் கலைந்த பிறகு அந்த மகன் என் அருகே வந்து, கோபமில்லாமல், மெதுவாகக் கேட்டார்: "ஐயா, எங்கப்பா இந்தச் சபையில ஞானஸ்நானம் வாங்கினப்போ யாரும் ஓட்டுப் போடலியே. மண்ணு கேக்கும்போது மட்டும் எதுக்கு ஐயா ஓட்டு?"

"கமிட்டியின் தீர்மானம், தம்பி. நான் என்ன செய்ய முடியும்?" என்றேன். அதுதான் நான் சொன்ன தவறான பதில்.

கை கழுவியவன்

பிரியமானவர்களே, மத்தேயு 27ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் அந்த மாலைப்பொழுது எனக்கு நினைவுக்கு வருகிறது. பிலாத்து மக்களிடம் கேட்கிறான்: உங்களுக்கு யார் வேண்டும்? பரபாசா, இயேசுவா? மக்கள் பதில் சொல்கிறார்கள். மறுபடியும் கேட்கிறான், சத்தம் அதிகரிக்கிறது. முடிவில் தண்ணீரை வரவழைத்துக் கைகளைக் கழுவுகிறான்.

கேள்வி கேட்டதில் பிலாத்துவின் தவறு என்ன? மக்களைக் கலந்துகொள்வது தீங்கா? இல்லை. குற்றமற்ற ஒருவருடைய உயிரைக் கூட்டத்தின் விருப்பத்துக்கு விட்டதே தவறு. ஆசாரியர்களும் மூப்பர்களும் மக்களை ஏவிவிட்டார்கள் என்று சுவிசேஷகர் எழுதுகிறார். அப்படி ஒருவரும் ஏவியிருக்காவிட்டாலும், கூட்டம் தானாகவே முழு மனதோடு சத்தமிட்டிருந்தாலும், அந்தத் தீர்ப்பு நீதியாகியிருக்காது. ஒரு குற்றமற்றவரைக் கொல்லலாமா என்பது எத்தனை பேர் கை உயர்த்தினாலும் சரியாகிவிடும் கேள்வி அல்ல. தீமை செய்யத் திரளானவர்களோடு சேர்ந்து போகவேண்டாம் என்றும், நியாய வழக்கில் பெருங்கூட்டத்தின் பக்கம் சாய்ந்து நீதியைப் புரட்டவேண்டாம் என்றும் யாத்திராகமம் 23:2 நமக்குக் கட்டளையிடுகிறது. ஆகவே, எண்ணிக்கை எப்போதும் நீதியாகாது என்பது சீனாய் மலையடிவாரத்திலேயே நம் முன்னோருக்குச் சொல்லப்பட்ட காரியம்.

சட்டப்படியே நடந்த அழிவு

இது பழங்கதை அல்ல என்பதை அறிய, 1933ஆம் ஆண்டு ஜெர்மனிக்குச் செல்வோம். அது லூத்தரின் நாடு. பெரும்பாலும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வாழ்ந்த நாடு. அவ்வாண்டு ஜனவரி 30 அன்று ஹிட்லர் பதவிக்கு வந்தது ஆயுதப் புரட்சியால் அல்ல. குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் அவரைச் சான்சலராக நியமித்தார். பிப்ரவரி 27 இரவு பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. மறுநாளே ஓர் அவசர ஆணை பிறந்தது. பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை, காரணமின்றிக் கைதுசெய்யப்படாதிருக்கும் உரிமை ஆகியவை ஒரே நாளில் நிறுத்திவைக்கப்பட்டன.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். உரிமைகள் போய் ஒரு வாரத்துக்குள், மார்ச் 5 அன்று, தேர்தல் நடந்தது. வாக்குப்பெட்டிகள் இருந்தன, மக்கள் வரிசையில் நின்றார்கள். ஹிட்லரின் கட்சிக்கு 43.9 சதவீத வாக்குகள் கிடைத்தன. கூட்டணிக் கட்சியோடு சேர்ந்தபோது பெரும்பான்மை கிடைத்தது. மார்ச் 23 அன்று, பாராளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமலே சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கும் மசோதா அவைக்கு வந்தது. கம்யூனிஸ்டு உறுப்பினர்கள் ஒருவரும் அவையில் இல்லை. சிறையில் இருந்தார்கள், அல்லது தலைமறைவாகவும் நாட்டைவிட்டு ஓடியும் இருந்தார்கள். ஆதரவாக 444 வாக்குகள், எதிராக 94. எதிர்த்த அனைவரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். ஜூலை 14 அன்று மற்ற எல்லாக் கட்சிகளும் தடைசெய்யப்பட்டன. அத்துடன் வாக்கெடுப்பு என்பதே பொருளற்றுப் போயிற்று.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உரிமை போயிற்று. பிறகு ஜனநாயகம் போயிற்று. பேசவும் எழுதவும் கூடவும் உரிமை இல்லாத நாட்டில் தேர்தல் நடந்தாலும், அது மனச்சாட்சியின் குரலைக் கேட்கும் தேர்தலாக இருப்பதில்லை. "சிலருடைய உரிமைதானே, நம்முடையது அல்லவே" என்று பெரும்பான்மையோர் அமைதியாக இருந்தார்கள். சில மாதங்களில் அவர்களுடைய வாக்கும் அதே வழியில் போய்விட்டது.

நமக்கு இன்னும் வேதனையானது சபையில் நடந்ததே. அதே ஆண்டு ஜூலை 23 அன்று ஜெர்மானிய புராட்டஸ்டண்டு சபைகளில் தேர்தல் நடந்தது. முந்தைய நாள் இரவு ஹிட்லரே வானொலியில் பேசி, 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்று தங்களை அழைத்துக்கொண்ட நாசி ஆதரவு அணிக்கு ஆதரவு கேட்டார். அந்த அணி பெருவெற்றி பெற்றது. செப்டம்பர் தொடக்கத்தில் பெர்லினில் கூடிய பிரஷ்ய சபையின் மாமன்றம், யூத வம்சத்தில் பிறந்தவர்களும் அவர்களை மணந்தவர்களும் போதகராக இருக்கக்கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் முறைப்படி முன்மொழியப்பட்டது, வாக்கெடுக்கப்பட்டது, நிறைவேறியது. அந்த நடவடிக்கைப் புத்தகத்தையும் ஒரு கை எழுதியிருக்கும். பெரும்பான்மையால் நிறைவேறியது என்று அதுவும் எழுதியிருக்கும். அதை நினைக்கும்போது என் கையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சிலர் எதிர்த்து நின்றார்கள். டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற இளம் இறையியலாளர், 1933 ஏப்ரலிலேயே, அரசு அநீதி செய்யும்போது சபை அதைக் கேள்வி கேட்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் கிறிஸ்தவர் அல்லாதவராயினும் அவருக்கு உதவ வேண்டும், அதுவும் போதாதபோது அநீதியின் சக்கரத்தையே தடுத்து நிறுத்த வேண்டும் என்ற கருத்தை எழுதினார். 1945 ஏப்ரல் 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். மார்ட்டின் நீமோலர் என்ற போதகர், முதலில் ஹிட்லரின் ஆட்சியை வரவேற்றவர். பின்பு மனந்திரும்பி எதிர்த்து, 1937 முதல் 1945 வரை சிறையிலும் முகாம்களிலும் இருந்தார். 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடியவர்கள், இயேசு கிறிஸ்து ஒருவரே சபையின் தலைவர் என்று அறிக்கையிட்டார்கள். ஆயினும் அந்த நல்ல அறிக்கையிலும் யூதர்களைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. நல்லவர்களின் கண்ணுக்கும் ஒரு சுவரின் மறுபுறம் தெரியாமல் போகக்கூடும்.

எவற்றுக்கு வாக்கு, எவற்றுக்கு இல்லை?

அந்த இருளைக் கண்ட தலைமுறைதான் 1948 டிசம்பர் 10 அன்று பாரீஸ் நகரில் மனித உரிமைகளின் உலகளாவிய பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. 48 நாடுகள் ஆதரித்தன; எட்டு நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின; ஒரு நாடும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. அதை உருவாக்கியவர்களில் லெபனான் நாட்டுக் கிறிஸ்தவ அறிஞர் சார்லஸ் மாலிக் ஒருவர். இந்தியாவின் சார்பில் பங்கெடுத்த ஹன்சா மேத்தா அம்மையார், முதலாம் பிரிவில் ஆண்களை மட்டும் குறிப்பதாகக் கொள்ளத்தக்க சொல்லை மாற்றி, மனிதப் பிறவிகள் அனைவரையும் குறிக்கும் சொல் இடம்பெறச் செய்தவர்.

அந்தப் பிரகடனத்தை வாசித்துப் பார்த்தால் தம்பியின் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. அதன் 21ஆம் பிரிவு, மக்களின் விருப்பமே ஆட்சியின் அதிகாரத்துக்கு அடிப்படை என்றும், அது உண்மையான தேர்தல்கள் மூலம் வெளிப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. அப்படியானால் ஜனநாயகம் மனித உரிமைக்கு எதிரி அல்ல. அதுவே மனித உரிமைகளுள் ஒன்று. 30ஆம் பிரிவோ, இந்த உரிமைகளில் எதையும் பயன்படுத்தி வேறு உரிமைகளை அழிக்க எவருக்கும் இடமில்லை என்று எல்லை வகுக்கிறது. ஆகவே, வாக்களிக்கும் உரிமையைக் கொண்டு அடுத்தவனுடைய உரிமையை அழிக்க முடியாது. ஒரே கிளையில் அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவன், மற்றவன் இருக்கும் பக்கத்தை வெட்டுவதாக நினைத்து, அடிமரத்தோடு சேர்ந்த இடத்தை வெட்டினால் இருவருமே விழுவார்கள்.

"பெரும்பான்மையையும் தாண்டி நிற்க அதற்கு அதிகாரம் கொடுத்தது யார்?" என்று தம்பி கேட்டானே. ஐக்கிய நாடுகள் சபை கொடுத்தது என்று சொல்லி நாம் நிறுத்திக்கொள்ள முடியாது. நம் விசுவாசம் ஆதியாகமம் 1:27க்குச் செல்கிறது. தேவன் மனுஷனைத் தம்முடைய சாயலாகச் சிருஷ்டித்தார். எந்தக் கமிட்டியும் கூடி அந்தச் சாயலைக் கொடுக்கவில்லை. எனவே எந்தக் கமிட்டியும் கூடி அதை எடுத்துவிட முடியாது. ஆலயத்துக்கு எந்த வண்ணம் பூசலாம், அசனப் பண்டிகையை எந்தத் தேதியில் வைக்கலாம், யாரைச் செயலாளராகத் தெரிந்துகொள்ளலாம் என்பவற்றுக்கு வாக்கெடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஒரு மனிதன் மனிதனாக நடத்தப்பட வேண்டுமா என்பதற்கு வாக்கெடுப்பு இல்லை.

நம் நாடு கற்ற பாடம்

உரிமையைக் காக்க நீதிமன்றமும் சட்டப்புத்தகமும் மட்டும் போதும், மக்களின் வாக்கு எதற்கு என்று நினைத்துவிடவும் வேண்டாம். நம் தேசத்தின் சரித்திரம் மறுபக்கத்தையும் நமக்குக் காட்டுகிறது. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். அப்படிச் சிறைப்பட்டவர் தம் விடுதலைக்காக நீதிமன்றத்தை அணுக முடியுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 1976 ஏப்ரல் 28 அன்று, ஐந்து நீதிபதிகளில் நால்வர், முடியாது என்றார்கள். நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். அடுத்த ஆண்டு, முறைப்படி அவருக்கு வந்திருக்க வேண்டிய தலைமை நீதிபதிப் பதவி வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது. அவர் பதவி விலகினார்.

அன்று நீதிமன்றம் கைவிட்ட உரிமையை மீட்டுக்கொடுத்தது எது? 1977 மார்ச் மாதத் தேர்தலில் இந்நாட்டின் சாதாரண மக்கள் போட்ட வாக்கு. அதன்பின் வந்த 1978ஆம் ஆண்டின் 44ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நெருக்கடி நிலையிலும் உயிர்வாழும் உரிமையையும் தனிமனித சுதந்திரத்தையும் நிறுத்திவைக்க முடியாது என்று உறுதிசெய்தது. 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு தவறானது என்று உச்ச நீதிமன்றமே 2017இல் அறிவித்தது.

1933இல் வாக்கெடுப்பு உரிமையை அழிக்கப் பயன்பட்டது. 1977இல் அதுவே உரிமையை மீட்டது. ஆகையால், ஒன்று இருந்தால் போதும் என்று இரண்டில் எதையும் தள்ளிவிட முடியாது. உரிமை இல்லாத ஜனநாயகம் கூட்டத்தின் கூச்சலாகும். ஜனநாயகம் இல்லாத உரிமையோ ஆள்பவர் மனமிரங்கினால் மட்டும் கிடைக்கும் தருமமாகும்.

நம் சபையார் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு வழக்கும் உண்டு. 1985இல் கேரளத்தில் ஒரு பள்ளியிலிருந்து மூன்று பிள்ளைகள் நீக்கப்பட்டார்கள். உடன்பிறந்தவர்கள், யெகோவாவின் சாட்சிகள் என்னும் பிரிவைச் சேர்ந்தவர்கள். தேசிய கீதம் பாடப்படும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். ஆனால் தங்கள் விசுவாசம் இடங்கொடுக்கவில்லை என்று பாடவில்லை. உயர் நீதிமன்றம் அவர்கள் மனுவைத் தள்ளிவிட்டது. 1986 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டியும் நீதிபதி எம்.எம். தத்தும் அவர்களைத் திரும்பச் சேர்க்கும்படி தீர்ப்பளித்தார்கள். மிகச் சிறிய ஒரு சிறுபான்மையும் அரசியல் சட்டத்தின் கீழ்த் தன் அடையாளத்தோடு வாழ முடிகிறதா என்பதே உண்மையான ஜனநாயகத்துக்குச் சோதனை என்பது அத்தீர்ப்பின் கருத்து.

அந்தப் பிரிவினரின் உபதேசத்தை நாம் ஏற்பதில்லை. தேசிய கீதத்தை நாம் மனமுவந்து பாடுகிறோம். ஆனாலும், அந்த மூன்று பிள்ளைகளுக்குக் கிடைத்த நீதிக்காக நாம் கர்த்தருக்கு நன்றி செலுத்த வேண்டும். நம்மோடு ஒத்துப்போகிறவர்களின் உரிமைக்காக நிற்பதற்குப் பெரிய விசுவாசம் தேவையில்லை. இந்நாட்டில் நாமும் சிறுபான்மையினர். அதனால் உரிமையின் அருமை நமக்குத் தெரியும். ஆனால் நாம் பெரும்பான்மையாக இருக்கும் இடங்களும் உண்டு: நம் வீடு, நம் தெரு, நம் சங்கம், நம் சபை. வெளியே சிறுபான்மையாய் நின்று உரிமை கேட்கிற நாம், உள்ளே பெரும்பான்மையாய் இருந்து அதை மறுத்தால், கர்த்தர் நம் மனுவை எப்படிக் கேட்பார்?

எருசலேம் சபை காட்டிய வழி

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்துக்கு வருவோம். ஆதிச் சபையிலும் சிக்கல் வந்தது. கிரேக்க மொழி பேசிய விதவைகள், அன்றாட உணவுப் பங்கீட்டில் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள். அவர்கள் சிறுபான்மையினர், வேற்று மொழியினர், பெண்கள், விதவைகள். அவர்களுக்காக முறையீடு எழுந்தது. அப்போஸ்தலர் என்ன செய்தார்கள்?

"விதவைகளுக்கு உணவு கொடுக்கலாமா, வேண்டாமா?" என்று வாக்கெடுப்பு நடத்தவில்லை. அது முடிந்த காரியம். பசித்தவளுக்கு உணவு உண்டு. சீஷர் கூட்டம் முழுவதையும் வரவழைத்து, இந்தப் பொறுப்பை நேர்மையாய்ச் செய்ய உங்களில் நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். சபை தெரிந்துகொண்டது. அந்த ஏழு பேருடைய பெயர்களை வாசியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். எந்தப் பக்கத்தாரின் விதவைகள் விடப்பட்டார்களோ, அந்தப் பக்கத்தாரின் பெயர்களாகவே அவை தோன்றுகின்றன. பெரும்பான்மையாய் இருந்தவர்கள், தங்கள் வாக்கைத் தங்களைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்தாமல், விடப்பட்டவர்களிடம் பொறுப்பைக் கொடுக்கப் பயன்படுத்தினார்கள்.

உரிமை முதலில் உறுதிப்பட்டது. அதை நிறைவேற்றும் வழியை ஜனங்கள் தெரிந்துகொண்டார்கள். உரிமைக்கும் ஜனநாயகத்துக்கும் உள்ள உறவு இதுவே. அதன்பின் தேவவசனம் விருத்தியடைந்தது என்று ஏழாம் வசனம் சொல்வதையும் கவனியுங்கள்.

எண்ணாகமம் 27இல் செலோப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர், மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபையனைத்துக்கும் முன்பாக வந்து நின்று, தகப்பனுடைய சுதந்தரத்தைக் கேட்டார்கள். மோசே சபையாரைக் கைகளை உயர்த்தச் சொல்லவில்லை. அவர்களுடைய நியாயத்தைக் கர்த்தருடைய சந்நிதிக்குக் கொண்டுபோனார். அவர்கள் கேட்பது சரியே என்று கர்த்தர் சொன்னார். அன்று அந்த மகன் வந்து நின்றபோது நான் செய்யத் தவறியது அதைத்தான். அவருடைய நியாயத்தைக் கமிட்டியின் மேசைக்குக் கொண்டுபோனேன். கர்த்தருடைய சந்நிதிக்குக் கொண்டுபோகவில்லை.

சுவர் என்ன ஆயிற்று?

அந்தக் குடும்பம் அடுத்த மாதத் திருவிருந்துக்கு வரவில்லை. நான் அவர்கள் வீட்டுக்குப் போக இரண்டு வாரம் ஆயிற்று. போனபோதும் மன்னிப்புக் கேட்கத் துணியவில்லை. ஜெபம் மட்டும் செய்துவிட்டு வந்தேன். சில காலத்தில் எனக்கு மாற்றல் வந்தது.

அந்தச் சுவர் இன்று இல்லை. ஆனால் அதை இடித்தது நானல்ல. எனக்குப்பின் வந்த போதகர். அவர் கமிட்டியில் சொன்னதைப் பின்னர் கேள்விப்பட்டேன். "ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருந்தால் கல்லறைத் தோட்டத்தில் எங்கும் இடம் உண்டு. இதற்கு வாக்கெடுப்பு இல்லை. சுவரை எந்தத் தேதியில் இடிப்பது, கூலி எங்கிருந்து கொடுப்பது என்பதற்கு மட்டும் கைகளை உயர்த்துங்கள்" என்றாராம். சிலர் எழுந்து வெளியே போனார்கள். இரண்டு குடும்பங்கள் ஓராண்டு காணிக்கையை நிறுத்தின. ஆனால் சுவர் விழுந்தது.

நான் அங்கே பல ஆண்டுகள் கழித்து ஓர் அடக்க ஆராதனைக்காகப் போயிருந்தேன். அந்த மகனுக்கும் தலை நரைத்திருந்தது. அன்றுதான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க ஐயா" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நம்புகிறேன். ஆனாலும் அவருடைய தகப்பனார் இன்னும் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறார்.

பிரியமானவர்களே, நாட்டின் தேர்தல்களும் சபையின் தேர்தல்களும் நம் வாழ்வில் வந்துகொண்டேயிருக்கும். வாக்களியுங்கள், அது உங்கள் உரிமை, உங்கள் கடமை. கை உயர்த்துமுன் மட்டும் உங்களையே சில கேள்விகள் கேளுங்கள். இது வாக்கெடுப்புக்கு உரிய காரியந்தானா? இந்த முடிவின் பாரத்தைச் சுமக்கப்போகிறவர் இந்த அறைக்குள் இருக்கிறாரா? அவருடைய குரலைக் கேட்டோமா? அவர் இடத்தில் நான் இருந்தால், இந்தப் பெரும்பான்மையை நீதி என்று ஏற்றுக்கொள்வேனா? தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இன்னுமொரு கேள்வி: கமிட்டிக்கு விடுகிறேன் என்று சொல்லும்போது, ஆலோசனை கேட்கிறேனா, கை கழுவுகிறேனா?

பெத்லகேமில் பிறந்தவருக்கு ஊரில் இடம் கிடைக்கவில்லை. எருசலேமில் திரளானவர்களின் குரல் அவருக்கு எதிராக எழுந்தது. பிறப்பில் இடமறுக்கப்பட்டவராகவும் இறப்பில் சிறுபான்மையாகவும் நின்றவரையே நாம் ஆண்டவர் என்று அழைக்கிறோம். அவருடைய பிறப்பைக் கொண்டாட ஆயத்தமாகும் நாம், நம்மால் இடமறுக்கப்பட்டவர் யார் என்று இந்த வாரம் தேடிப் பார்ப்போம்.

ஜெபம்: எங்களைப் படைத்த ஆண்டவரே, ஒவ்வொரு மனிதரிலும் நீர் வைத்த உம்முடைய சாயலைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். திரளோடு சேர்ந்து தவறிப்போன வேளைகளையும், மௌனமாய் இருந்துவிட்ட வேளைகளையும் எங்களுக்கு மன்னியும். எங்கள் தேசத்தை ஆளுகிறவர்களுக்கும் நியாயம் விசாரிக்கிறவர்களுக்கும் வாக்களிக்கிற எங்களுக்கும் நீதியின் ஆவியைத் தந்தருளும். எங்கள் சபைக்குள் இன்னும் நிற்கும் சுவர்களை எங்களுக்குக் காட்டும். அவற்றை இடிக்கும் துணிவையும் தாரும். இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபிக்கிறோம், ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் அனைவரோடும் இருப்பதாக. அடுத்த வாரம் மறுபடியும் சந்திப்போம்.